கனிமரச் சுங்கான்

மரத்தை நெருப்பிலிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதே ஆதிகாலந்தொட்டுத் தச்சர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் உள்ள கவலையாயிருக்க, அந்த மரத்தையே குடைந்து, குடைவுக்குள் தணலை வைத்து, தணல் அணையாதபடி மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே ஒரு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்கும் காரியத்தை மேல்நாட்டார் ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கலைக்குரிய கருவிதான் சுங்கான். நம் பக்கத்தில் புகையிலை என்றால் சுருட்டு, பீடி, மூக்குப்பொடி, வெற்றிலையோடு சேரும் காரம் என்றே வழக்கம். சுங்கானோ துரைமார்களோடு கப்பலேறி வந்து, பெரும்பாலும் அவர்களோடேயே கப்பலேறிப் போய்விட்ட பொருள். மிஞ்சியது, பழைய சினிமாப் படங்களில் பட்டு அங்கி அணிந்து மாடிப்படி இறங்கி வரும் பணக்காரத் தகப்பனாரின் வாயில்தான். ஆகையால் அதைக் கையில் எடுத்துப் பார்த்திராத வாசகர்களே அதிகம் என்று எண்ணி, அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புகையிலையை இட்டுக் கொளுத்தும் கிண்ணம் ஒன்று. கிண்ணத்தின் அடிப்பக்கத்திலிருந்து நீளும் தண்டு ஒன்று. தண்டின் நுனியில் செருகியிருக்கும் வாய்க்குழல் ஒன்று. இவ்வளவுதான் சுங்கான். ஆனால் தண்டின் ஊடே ஓடும் துளை, கிண்ணத்தின் குடைவை அதன் அடிமட்டத்தில் மிகச் சரியாகச் சந்திக்க வேண்டும். நூலளவு மேலே ஏறிச் சந்தித்தாலும், எரியாத புகையிலை ஈரமாகி அடியில் தங்கிவிடும். கீழே இறங்கிவிட்டாலோ கிண்ணத்தின் அடிப்பாகம் மெலிந்து, என்றாவது ஒரு நாள் நெருப்பு அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கடைசல்காரரின் கைத்திறமை முழுவதும் இந்த ஒரு சந்திப்பில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவில் வந்து இறங்கிய 16ஆம் நூற்றாண்டில், அங்கே சாமானியர்களின் கைக்கு முதலில் எட்டியது களிமண் சுங்கானே. இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் 1604இல் புகையிலையைக் கடுமையாகக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதியவர். அதே அரசர் 1619இல் சுங்கான் செய்வோர் சங்கத்துக்குச் சாசனமும் வழங்கினார். கண்டனம் அரசருடைய சொந்த அபிப்பிராயம், சாசனம் கஜானாவின் அபிப்பிராயம் என்று நாம் சமாதானம் செய்துகொள்ளலாம். களிமண் மலிவானது, நெருப்புக்கு அஞ்சாதது. ஆனால் கை சுடும், கீழே விழுந்தால் உடையும். பின்னால் துருக்கி தேசத்தின் எஸ்கிஷெஹிர்ப் பக்கத்தில் தோண்டியெடுக்கும் கடல்நுரைக்கல் பிரசித்தி பெற்றது. பஞ்சுபோல் இலேசான அந்த வெள்ளைக் கல்லில் அற்புதமான சிற்பங்களெல்லாம் செதுக்கினார்கள். விலை மட்டும் பிரபுக்களுக்கே கட்டுப்படியாயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவே, வீட்டுக்கொல்லையிலோ வேலியோரத்திலோ நிற்கும் மரத்தை வெட்டித் தன் தேவைக்குத் தானே ஒரு சுங்கான் கடைந்துகொண்ட குடியானவனிடமிருந்துதான் நம் விஷயம் தொடங்குகிறது.

கனிமரங்கள் சுங்கானுக்கு வந்த வரலாற்றில் மிகவும் ரஸமான பகுதி, அவை கிண்ணமாக அல்லாமல் குழலாக இருந்த காலம். துருக்கியர் உபயோகித்த 'சிபூக்' என்ற சுங்கானின் கிண்ணம் ஒரு சிறு மண் அகல்தான். இஸ்தான்புல் நகரத்தில் தோப்ஹானே என்ற பகுதியின் குயவர்கள் செய்த செம்மண் கிண்ணங்களுக்கு நல்ல பெயர் உண்டு. கிண்ணம் இத்தனை சிறிதாக இருக்க, அதில் பொருத்திய குழலோ நாலு அடி, ஐந்து அடி என்று நீண்டுகொண்டு போகும். அந்தக் குழலைச் செர்ரி மரத்தின் நேரான கொம்பிலோ மல்லிகை இனத்துச் செடியின் தண்டிலோ செய்து, பட்டையைச் சீவாமலே மெருகேற்றி, நுனியில் அம்பர் என்னும் மஞ்சள் நிறப் பிசின் மணியை வாய்க்குழலாகப் பொருத்துவார்கள். பெரிய மனிதர் வீட்டுக்கு விருந்தினர் வந்தால் காப்பிக்கோப்பையோடு சிபூக்கும் வரும். அதைப் பற்றவைத்துக் கொடுப்பதற்கென்றே வேலையாட்கள் இருப்பார்கள். நெருப்பு அறையின் நடுவிலும் வாய் திண்டின் மேலுமாக இருக்கிறபடியால், புகை அந்த நீண்ட வழியைக் கடந்து வருவதற்குள் தன் சூட்டையும் காரத்தையும் பெரும்பாலும் வழியிலேயே விட்டுவிடும்.

இதே காரியத்துக்காக ஆஸ்திரியாவில் செர்ரி மரத்தைப் பயிராகவே செய்தார்கள். வியன்னாவுக்கு அருகே, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பாடன் என்ற நகரத்தைச் சுற்றி 19ஆம் நூற்றாண்டில் மஹலேப் என்ற வகைச் செர்ரிக்குத் தோட்டங்கள் இருந்தன. பழத்துக்காக அல்ல, அதன் பழம் சிறுத்தும் கசந்தும் இருக்கும். குழலுக்கு ஏற்ற நேரான குச்சி வேண்டுமென்று, பக்கத்தில் அரும்பும் துளிர்களையெல்லாம் அவ்வப்போது கிள்ளி எறிந்து, கணுவே இல்லாதபடி வளர்த்தார்கள். உலர்ந்த வைக்கோலில் வீசுகிற இனிய மணத்துக்குக் காரணமான கூமரின் என்ற பொருள் இந்த மரத்திலும் உண்டு. குச்சி காய்ந்து பல வருஷங்கள் ஆனபின்பும் கையால் தேய்த்தால் அந்த வாசனை எழும். இதே மரத்தின் கொட்டைப் பருப்பை இடித்துக் கிரேக்கரும் துருக்கியரும் அராபியரும் பண்டிகை ரொட்டிகளில் வாசனைக்குச் சேர்க்கிறார்கள். ஜெர்மானிய நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களும் பட்டாளத்தில் சேவை முடித்து வீடு திரும்பிய சிப்பாய்களும், படம் தீட்டிய பீங்கான் கிண்ணத்தில் இந்தச் செர்ரிக்குழலைச் செருகிப் பெருமையோடு புகைத்தார்கள். இங்கெல்லாம் கனிமரம் புகையை மட்டுமே தாங்கியது. நெருப்பைத் தாங்கும் வேலை மண்ணுக்கோ பீங்கானுக்கோ இருந்தது. வேலைப் பிரிவினை என்ற அளவில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாட்டை நான் அறியேன்.

கிண்ணத்தையும் மரத்திலேயே கடைவது என்று வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. பிரான்சின் கிழக்கெல்லையில், ஜுரா மலைச்சரிவில் சேன்-குளோத் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே இருந்த புனிதரின் சமாதிக்கு யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்த காலத்தில், அவர்களுக்கு விற்பதற்காக மரத்தில் ஜெபமாலைகளும் சிறு சுரூபங்களும் கடைந்து பழகிய குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. புகையிலைப் பழக்கம் பரவியதும் அதே கைகள் பொடி டப்பிகளையும், அப்புறம் சுங்கான்களையும் கடையலாயின. பாக்ஸ் மரம், காட்டுச் செர்ரி, பேரி, அக்ரூட் என்று மலையில் கிடைத்த மரங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் கடைவதற்கு இனிமையானவை. எல்லாம் நாளடைவில் கருகின.

1850களில் அந்த ஊருக்குப் பிரையர் வந்து சேர்ந்தது. மத்தியதரைக் கடலைச் சுற்றிக் கார்ஸிகா, இத்தாலி, அல்ஜீரியா முதலிய இடங்களின் வறண்ட குன்றுகளில் புதராக வளரும் ஒரு செடியின் அடிக்கிழங்கு அது. வேருக்கும் தண்டுக்கும் நடுவே மண்ணில் பாதி புதைந்து, குடம்போல் திரண்டிருக்கும். அந்தக் குன்றுகளில் கோடைகாலத்தில் காட்டுத்தீ சகஜம். தீயில் புதரெல்லாம் சாம்பலானாலும் இந்தக் கட்டை மட்டும் சாகாமல் கிடந்து, மீண்டும் துளிர் விடும். தீயைக் கடந்து பிழைப்பதே அதன் ஸ்வபாவம். உடம்பில் மணற்சத்து கலந்திருக்கிறது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமும் இருக்கிறது. வெட்டியெடுத்த கட்டையைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து, அதன் சாற்றைப் போக்கி, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் நிழலில் உலர்த்திக் கடைந்தால், அதற்கு நிகரான சுங்கான் மரம் வேறில்லை என்ற தீர்ப்பு அப்போது பிறந்தது, இன்றுவரை மாறவில்லை.

கனிமரங்களைப் பார்த்தாலோ, அவை வேறு விதமாக வாழ்ந்தவை. நல்ல மண்ணும் மிதமான மழையும் தோட்டக்காரரின் பராமரிப்பும் பெற்று, சாற்றையெல்லாம் பழத்தில் சர்க்கரையாகச் சேர்த்துவைக்கப் பழகிய மரங்களுக்கு, நெருப்பை எதிர்த்து நிற்க வேண்டிய அவசியம் ஏற்படவே இல்லை. இவற்றின் அழகும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் பிரையரின் வெற்றிக்குப் பிறகே செர்ரிச் சுங்கானுக்குத் தனிப்பெயர் கிடைத்தது என்பது விசித்திரம். யூஜேன் லெயோன் ரோப் என்பவர் 1869இல் காட்டுச் செர்ரியில் சுங்கான் செய்யும் முறைக்கு உரிமை பெற்று, அடுத்த ஆண்டில் வோஜ் மலைப்பகுதியில் பட்டறை வைத்தார். 1890களில் அந்தத் தொழில் பிரான்சின் தூ நதிக்கரையிலுள்ள போம்-லே-தாம் என்ற ஊருக்கு அருகே, ஒரு பழைய ஆலைக் கட்டடத்துக்கு மாறியது. ரோப் செய்த காரியத்தின் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். பெரிய மரத்தைப் பலகையாக அறுத்து அதிலிருந்து கிண்ணம் வெட்டாமல், கை கொள்ளும் பருமனுள்ள கிளையையே எடுத்தார்கள். முழுக்கிளை காயும்போது, மரம் சுற்றளவில் அதிகமாகவும் நடுவை நோக்கிக் குறைவாகவும் சுருங்குவதால், எங்கேயாவது ஒரு பக்கம் வெடித்தே தீரும் என்பது தச்சர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி. கிளையைத் துண்டித்து நெட்டாக நிறுத்தி, அதன் நடுச்சோற்றின் வழியே துறப்பணத்தை இறக்கினால், புகையிலைக்கு இடமும் கிடைக்கும், வெடிப்புக்குக் காரணமான நடுப்பகுதியும் கழிந்து போகும். வெளிப்பட்டை அப்படியே இருக்கும். அடிப்பக்கம் கிளையை அறுத்த மட்டமான வெட்டாகவே இருப்பதால், சுங்கான் மேஜையின் மேல் தானாக நிமிர்ந்து நிற்கும். வழக்கமான உருண்டை அடிச் சுங்கானைப்போல் சாய்ந்து சாம்பலைக் கொட்டாது. இந்த அமைப்பு எல்லோருக்கும் பிடித்துப்போய், பிற்காலத்தில் பிரையரிலே மட்டமான அடியோடு கடைந்த சுங்கானுக்கும் 'செர்ரிவுட்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

அப்படிப்பட்ட பழைய சுங்கான் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது பட்டைதான். செர்ரியின் பட்டை கருஞ்சிவப்பாக, பட்டுத்துணியின் மினுமினுப்போடு இருக்கும். அதன் குறுக்கே, மரம் மூச்சுவிடும் துவாரங்கள் சிறு சிறு கோடுகளாக வரிசை வைத்திருக்கும். விரலை ஓட்டினால் அந்தக் கோடுகள் தடிப்பாகத் தட்டுப்படும். மேல்விளிம்பில் வட்ட வட்டமாக வருஷ வளையங்கள். உள்ளே கரி. விளிம்புக்கும் கரிக்கும் இடையில், தேன் நிறமாக இருந்த மரம் பழுப்பேறி வரும் ஓர் ஓரம். ஒரு மரத்தின் வெளித்தோல் முதல் உள்நெஞ்சு வரை அரையங்குல கனத்துக்குள் காட்டிவிடுகிற கைவினைப் பொருள் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

செர்ரிச் சுங்கானுக்கு இலக்கியத்திலும் இடம் உண்டு. கானன் டாயில் 1892இல் வெளியிட்ட 'காப்பர் பீச்சஸ்' கதையில், ஷெர்லக் ஹோம்ஸ் அடுப்புத் தணலை இடுக்கியால் எடுத்து நீண்ட செர்ரிச் சுங்கானைப் பற்றவைக்கிறார். சிந்தனையில் ஆழ விரும்பும்போது களிமண் சுங்கானையும், வாதம் செய்ய விரும்பும்போது செர்ரியையும் அவர் எடுப்பது வழக்கம் என்று வாட்ஸன் குறித்து வைக்கிறார். நாடக மேடையிலும் சினிமாவிலும் ஹோம்ஸின் வாயில் தொங்கும் வளைந்த பெரிய சுங்கான் பிற்காலத்தார் சேர்த்தது. செர்ரியோ ஆசிரியரே கொடுத்தது.

செர்ரிக்கு மேற்கே எப்படியோ, அப்படியே பேரிக்கு ஐரோப்பாவின் கிழக்குப் பாகம். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பேரிக்காய் தின்றவர்கள்கூட அந்த மரத்தின் உட்புறத்தைக் கவனித்திருக்கமாட்டார்கள். மிக நெருக்கமான, ஏறத்தாழ ரேகையே தெரியாத மரம் அது; உளி எந்தத் திசையில் போனாலும் பிளவுபடாமல் வெட்டு விழும். இதனால்தான் அச்சுக்கலையின் ஆரம்ப நாட்களில் படக்கட்டைகள் செதுக்கவும், புல்லாங்குழல் வகைகள் கடையவும் ஐரோப்பியர் அதைத் தேடிப்போனார்கள். நீராவியில் வேகவைத்தால் இளஞ்சிவப்பு நிறம் ஏறும். கறுப்புச் சாயம் பூசினால் கருங்காலிக்கு மாற்றாகக்கூட நிற்கும். போலந்தின் ப்ஷெமிஷ்ல் நகரிலும் செக் நாட்டின் ப்ரோசெச் என்ற சிற்றூரிலும் இந்தப் பேரியில் சுங்கான் செய்யும் தொழில் வேரூன்றியது. பிரையரை மத்தியதரைக் கடற்கரையிலிருந்து காசு கொடுத்து வரவழைக்க வேண்டும். பேரியோ காய்ப்பு ஓய்ந்த மரமாக உள்ளூர்த் தோட்டத்திலேயே கிடைக்கிறது. விலையில் பிரையருக்கும் பேரிக்கும் உள்ள தூரம் அதிகம் என்பதால், புதிதாகச் சுங்கான் பிடிக்கத் தொடங்கும் கிழக்கு ஐரோப்பிய இளைஞன் கையில் முதலில் வந்து சேருவது பெரும்பாலும் பேரிதான்.

மற்றக் கனிமரங்களைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆப்பிள் கனமானது, உறுதியானது, ஆனால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். பிளம்ஸின் வைரத்தில் ஓடும் ஊதாவும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும். அதுவும் உலரும்போது வெடிக்கும் சுபாவமுடையது. இத்தாலியர் ஆலிவ் மரத்தில் செய்யும் சுங்கான்கள் மட்டும் பிரையருக்கு அருகில் உட்காரத் தகுதியுள்ளவை; அவற்றின் ரேகை அழகுக்காகவே வாங்கி வைப்பவர்கள் உண்டு. ஆப்ரிகாட் மரத்தை ஆர்மீனியர் 'துதுக்' என்ற நாதக்குழல் செய்யவே எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கு அதைவிட மேலான கதி வேறென்ன இருக்கிறது?

இனி, மரத்துக்குள் நெருப்பு எப்படி அடங்கியிருக்கிறது என்ற கேள்வி. மரம் ஏறக்குறைய 300 பாகைச் சூட்டில் கருகத் தொடங்கும். இழுக்கும்போது புகையிலைத் தணலின் சூடு அதையும் மீறிப்போகும். ஆயினும் தணல் கிண்ணத்தின் நடுவில் இருக்கிறது. சுவருக்கும் அதற்கும் இடையில் எரியாத புகையிலை இருக்கிறது. மேலிருந்து வரும் காற்றும் கொஞ்சம்தான். எனவே நிதானமாக இழுப்பவரின் சுங்கான் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அவசரக்காரரின் சுங்கான்தான் எரியும். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் புதுச் சுங்கானையும் பழக்க வேண்டும்: முதலில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு, சில நாள் கழித்துப் பாதி, அப்புறம் முழுவதும் என்று புகையிலை இட்டுப் புகைத்து வந்தால், உட்சுவரில் கரிப்படலம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு நாணயத்தின் கனத்துக்கு அது வளர்ந்துவிட்டால் மரத்துக்கு அதுவே கவசம். அதற்கு மேல் வளரவிட்டால் கரி விரிவடைந்து கிண்ணத்தையே பிளந்துவிடும் என்பதால், சுரண்டி அளவாக வைக்க வேண்டும்.

பிரையர் இந்தச் சோதனைக் காலத்தை அநேகமாகத் தானே கடந்துவிடும். பேரிக்கும் செர்ரிக்கும்தான் பொறுமை வேண்டும். இவை ஈரத்தை வாங்கிக்கொண்டு ஊதிப்போகும். ஒரு தடவை புகைத்தபின் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்து உலரவிடாவிட்டால் அடிப்பாகம் சொதசொதப்பாகிவிடும். கருகலின் முதல் அடையாளம் வெளியே தெரியும்: மெருகின் அடியில் ஓரிடத்தில் மட்டும் காபிக் கறைபோல் ஒரு நிழல் படரும்; விரல் வைத்தால் மற்ற இடத்தைவிட அங்கே சுடும். அதைக் கண்டவுடன் நிறுத்திக்கொள்ளாதவருக்கு, அடுத்த சில வாரங்களில் சுவரில் துளை விழும். சில பட்டறைக்காரர்கள் இதைத் தடுக்க உட்சுவரில் முன்கூட்டியே ஒரு பூச்சுப் பூசி அனுப்புகிறார்கள். செர்ரியின் முதல் சில தடவைப் புகையில் இனிப்புச் சாயை ஒன்று சேர்ந்து வரும் என்று அனுபவஸ்தர்கள் புகழ்வார்கள். கரிப்படலம் மூடியபின் அந்த இனிப்பு எங்கே இருந்து வருகிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் திருப்தி தரவில்லை.

ரஸிகர்கள் கனிமரச் சுங்கானை ஏழையின் பிரையர் என்று ஒதுக்குவது நியாயமல்ல என்பதே என் கட்சி. பிரையர் வருவதற்கு முன்பே குழலாக நின்று சேவை செய்தது அது. பட்டையோடு கூடிய அழகில் பிரையர் அதை நெருங்கவே முடியாது. கைக்கெட்டிய மரத்தைக் கொண்டு பிழைக்கத் தெரிந்த கடைசல்காரரின் புத்தி அதில் இருக்கிறது. நெருப்பைத் தாங்குவதில் மட்டும் அது இரண்டாவதுதான், அதை மறுக்க முடியாது.

கைவேலையின் சிறப்பு பழக்கத்தின் சிறப்பாகிவிடாது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795லேயே சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் புற்றுநோய் வருவதைக் குறித்திருக்கிறார். 1964இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை, சுங்கானுக்கும் உதட்டுப் புற்றுக்கும் உள்ள காரண சம்பந்தத்தை உறுதிசெய்தது. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்ற சமாதானம் வாயையும் தொண்டையையும் காப்பாற்றாது.

ரோப் நிறுவனத்தின் பழைய ஆலை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்தப் பெயரில் இன்று வரும் சுங்கான்கள் சேன்-குளோத்தில் தயாராகின்றன. ப்ஷெமிஷ்லில், பழைய மணிக்கூண்டு ஒன்றில், மணிகளுக்கும் சுங்கான்களுக்குமென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போக நேரும் வாசகர்கள் படியேறிப் போய்ப் பார்க்கட்டும். வாயில் வைக்காமல் பார்க்கத் தகுந்த பொருள் அது.